ஸ்பெயின் மன்னர் அமெரிக்காவை யாரிடமிருந்து பிடித்தார்?

168 பேரை வைத்துக்கொண்டு ஸ்பானியரான பிசாரோ பெருவின் இன்கா பேரரசை எப்படிச் சாய்த்தார், சாய்த்த பிறகு மாதக்கணக்கில் கப்பலில் போய்ச் சேரவேண்டிய ஒரு நாட்டை ஸ்பெயின் மன்னர் எப்படி ஆண்டார் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு எல்லாரிடமும் பதில் இருக்கிறது: குதிரை, எஃகு வாள், துப்பாக்கி, அம்மை. இரண்டாவது கேள்வியை அதிகம் பேர் சீண்டுவதில்லை. என் பார்வையில் இரண்டும் ஒரே கேள்விதான். பிடித்தவர்கள் யார், யாருடைய பணத்தில் பிடித்தார்கள் என்று தெரிந்தால்தான் பின்னால் வந்த அரசாங்கம் ஏன் அப்படி ஓர் உருவம் எடுத்தது என்பது விளங்கும். சுருக்கமாகச் சொன்னால், பூர்வகுடிகளிடமிருந்து நாட்டைப் பிடித்தவர்கள் தனியார்கள். அந்தத் தனியார்களிடமிருந்து அதைப் பிடித்தது ஸ்பெயின் அரசு. இந்த இரண்டாவது பிடிப்புக்கு அரை நூற்றாண்டு ஆனது, ஒரு வைஸ்ராயின் தலையும் உருண்டது.

பிசாரோவோடு போனவர்களைப் படை என்று சொல்லிப் பழகிவிட்டோம். மன்னர் அவர்களுக்குச் சம்பளம் தரவில்லை, கப்பல் தரவில்லை, வாள்கூடத் தரவில்லை. தந்தது ஒரு தாள். 1529 ஜூலையில் டொலேடோ நகரில் மன்னர் ஐந்தாம் சார்லஸின் மனைவி அரசி இசபெல் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அது. பெருவைக் கண்டுபிடித்துப் பிடிக்கலாம், பிடித்தால் பிசாரோ ஆயுள் முழுவதும் ஆளுநர், ஆண்டுக்கு 7,25,000 மரவெதி (அன்றைய ஸ்பானிய நாணயம்) சம்பளம் என்று அதில் இருந்தது. அந்தச் சம்பளமும் பிடிக்கப்போகும் நாட்டின் வருமானத்திலிருந்துதான் வரவேண்டும். செலவு, கடன், உயிர் எல்லாம் போகிறவர்கள் பொறுப்பு. வென்றால் கிடைப்பதில் ஐந்தில் ஒரு பங்கு மன்னருக்கு. தோற்றால் மன்னருக்குப் பெரிய நட்டமில்லை. 1492இல் கொலம்பஸோடு சாந்தா பே என்ற ஊரில் போட்ட ஒப்பந்தமும் இதே வகைதான். அவருக்குக் கடற்படைத் தலைவர், வைஸ்ராய், ஆளுநர் என்ற பட்டங்களும் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கும் எழுதிக் கொடுத்தார்கள். எட்டே ஆண்டுகளில், 1500இல், மன்னர் அனுப்பிய பொபதிய்யா என்ற அதிகாரி அவரை விலங்கு மாட்டிக் கப்பலேற்றினார். எழுதிக் கொடுப்பதும் பிறகு பிடுங்குவதும் அங்கேயே தொடங்கிவிட்டது.

பெருவின் காஹாமார்க்கா ஊரில் 1532 நவம்பர் 16 அன்று இன்கா பேரரசர் அத்தவால்பாவைச் சிறைப்பிடித்த அந்த 168 பேரில் தையற்காரர் உண்டு, லாடம் அடிப்பவர் உண்டு, நோட்டரிகள் உண்டு. 62 பேரிடம் குதிரை இருந்தது. ஒவ்வொருவரும் தான் போட்ட முதலுக்கு ஏற்பப் பங்கு பெறும் கூட்டாளி. விடுதலைக்காக அத்தவால்பா சேர்த்துக் கொடுத்த தங்கமும் வெள்ளியும் உருக்கப்பட்டபோது ஒரு குதிரைவீரனுக்கு ஏறத்தாழ 40 கிலோ தங்கமும் 80 கிலோ வெள்ளியும் வந்தன. காலாளுக்கு ஏறக்குறைய அதில் பாதி. தலைவனுக்குப் பல பங்கு. பங்கு பிரித்ததை எழுதி வைத்ததும் நோட்டரிதான். பிசாரோவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

இந்தப் பங்குக் கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. பிசாரோவின் பழைய கூட்டாளி தியேகோ தெ அல்மாக்ரோ ஆள் திரட்டிக்கொண்டு சில மாதங்கள் தாமதமாக வந்து சேர்ந்தார். சிறைப்பிடித்த நாளில் அவர் ஆட்கள் அங்கே இல்லை என்பதால் அவர்களுக்குக் கிடைத்தது சில்லறை. 1529 ஒப்பந்தத்திலேயே அல்மாக்ரோவுக்குத் தும்பெஸ் என்ற ஒரு கரையோர ஊரின் கோட்டைப் பொறுப்பு மட்டும்தான் எழுதியிருந்தது. இந்தக் குறை உள்நாட்டுப் போராக வெடித்தது. 1538இல் பிசாரோவின் சகோதரர்கள் அல்மாக்ரோவைக் கொன்றார்கள். 1541 ஜூன் 26 அன்று அல்மாக்ரோவின் ஆட்கள் லிமாவில் பிசாரோவை அவருடைய வீட்டிலேயே குத்திக் கொன்றார்கள். அத்தவால்பாவோ 1533லேயே, பணயத்தைக் கொடுத்து முடித்த பிறகும், கழுத்து நெரிக்கப்பட்டுச் செத்திருந்தார்.

மெக்சிகோவின் கதை இன்னும் விசித்திரம். அதைப் பிடித்த கோர்ட்டெஸிடம் அந்த ஒப்பந்தத் தாள்கூடக் கிடையாது. கியூபாவின் ஆளுநர் வெலாஸ்கெஸ் அவரைக் கரையோரம் பார்த்து, வியாபாரம் செய்து வர அனுப்பினார். கடைசி நேரத்தில் சந்தேகம் வந்து உத்தரவைத் திரும்பப் பெற்றார். கோர்ட்டெஸ் காதில் வாங்காமல் 1519 பிப்ரவரியில் 11 கப்பல்களோடு கிளம்பிவிட்டார். சட்டப்படி அவர் கலகக்காரர். அவர் செய்த வேலையைப் பாருங்கள்: கரையில் இறங்கியதும் வெராக்ரூஸ் என்று ஒரு நகரத்தை நிறுவினார். நகரம் என்றால் நகரசபை வேண்டும், தன் ஆட்களையே உறுப்பினராக்கினார். அந்தச் சபை முன் நின்று வெலாஸ்கெஸ் கொடுத்த பதவியைத் துறந்தார். சபை உடனே மன்னர் பெயரால் அவரைத் தலைமைத் தளபதியாகத் தேர்ந்தெடுத்தது. இனி அவர் வெலாஸ்கெஸுக்குக் கட்டுப்பட்டவர் இல்லை, நேரே மன்னருக்குத்தான் பதில் சொல்லவேண்டும். வீடு ஒன்றுகூட எழும்பாத மணலில் நடந்த இந்த நாடகத்தை யோசித்தவர் கரீபியன் கடலின் எஸ்பன்யோலா தீவில் நோட்டரி வேலை பார்த்தவர் என்பதில் வியப்பில்லை. சபையின் கடிதமும் தங்கப் பரிசுகளும் நேரே மன்னருக்குக் கப்பலேறின. வெலாஸ்கெஸ் விடவில்லை, 1520இல் கோர்ட்டெஸைக் கைது செய்ய நர்வாயெஸ் தலைமையில் பெரும் படையை அனுப்பினார். கோர்ட்டெஸ் நர்வாயெஸைப் பிடித்து, அவர் ஆட்களையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

சரி, ஆயிரம் பேர்கூட இல்லாமல், மெக்சிகா (அஸ்டெக்) மக்களின் தலைநகரான டெனோச்டிட்லான் போன்ற மாநகரம் எப்படி விழுந்தது? அதை ஸ்பானியர் மட்டும் வீழ்த்தவில்லை என்பதே விடை. மெக்சிகா மக்களிடம் தலைமுறைகளாகப் போர் செய்துகொண்டிருந்த திலாஸ்காலா நாட்டவர் முதலில் கோர்ட்டெஸோடு மோதினார்கள், பிறகு இவரைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று முடிவு செய்து கை கோத்தார்கள். 1520 ஜூன் 30 இரவில் ஸ்பானியர் அடிபட்டு நகரத்தைவிட்டு ஓடியபோது அடைக்கலம் கொடுத்தது திலாஸ்காலாதான். அன்று அவர்கள் கதவைச் சாத்தியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மறு ஆண்டு முற்றுகையில் ஏரியில் ஓட விட்ட 13 சிறு போர்க்கப்பல்களின் மரங்களைத் திலாஸ்காலாவிலிருந்து மலை தாண்டிச் சுமந்து வந்தவர்களும் அவர்களே. பல்லாயிரம் உள்ளூர் வீரர்களுக்கு நடுவே ஸ்பானியர் சில நூறு பேர். மலின்ட்சின் என்ற பெண் மொழிபெயர்த்திராவிட்டால் இந்தக் கூட்டணி பேசி முடிந்திருக்காது. இதற்கிடையே நர்வாயெஸின் கப்பலோடு வந்த பெரியம்மை 1520இன் பிற்பாதியில் நகரத்துக்குள் புகுந்து, மெக்சிகா மன்னர் மொக்டெசுமாவுக்குப் பின் ஆட்சிக்கு வந்த குய்ட்லாவாக்கையும் கொண்டுபோனது. 1521 ஆகஸ்ட் 13 அன்று அடுத்த மன்னர் குவாட்டெமொக் பிடிபட்டார், நகரம் விழுந்தது.

பெருவிலும் இதே கதைதான், அளவு மட்டும் வேறு. இன்கா பேரரசர் வாய்னா காபாக் 1520களின் பிற்பகுதியில் இறந்ததும் அவருடைய மகன்கள் வாஸ்கரும் அத்தவால்பாவும் வாரிசுப் போரில் நாட்டைக் கிழித்தார்கள். அது முடிந்த கையோடுதான் பிசாரோ வந்தார். இன்காக்களிடம் அடிமைப்பட்டிருந்த கன்யாரி, சாச்சபோயா, வாங்கா மக்கள் புதியவர்கள் பக்கம் சாய்ந்தார்கள். வாங்கா தலைவர்களைப் பற்றி ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்பானியருக்குத் தாங்கள் கொடுத்த மக்காச்சோளம், சுமை விலங்கான இலாமா, துணி, சுமைகூலி ஆட்கள் எல்லாவற்றையும் அவர்கள் கிப்பு என்ற முடிச்சுக் கயிறுகளில் ஆண்டுவாரியாகக் கணக்கு வைத்திருந்தார்கள். 1558 முதல் 1561 வரை லிமா நீதிமன்றத்தில் அந்தக் கயிறுகளை எடுத்து வைத்துப் படித்துக் காட்டி, மன்னருக்குச் செய்த உதவிக்குப் பலன் கேட்டார்கள். நீதிமன்றம் அந்தக் கணக்கைப் பதிவு செய்துகொண்டது. தோற்றுப்போன இனம் என்ற ஒற்றைச் சொல்லில் இவர்களை எப்படி அடக்குவது?

இனி ஆட்சிக்கு வருவோம். கொள்ளையடித்த தங்கம் ஒரு தடவைதான். அதன் பிறகு வென்றவனுக்கு என்ன வேண்டும்? பண்ணையார் வாழ்க்கை. அதற்குப் பிறந்ததுதான் என்கோமியெண்டா. இதை நிலம் என்று பலர் எழுதுகிறார்கள், தவறு. நிலம் கொடுக்கவில்லை, மனிதர்களைக் கொடுத்தார்கள். இன்ன ஊர்த் தலைவனும் அவன் குடிகளும் இன்னாருக்கு ஒப்படைக்கப்படுகிறார்கள் என்று ஒரு சீட்டு. அந்தக் குடிகள் அவருக்கு வரி கட்டவேண்டும், உழைக்கவேண்டும். பதிலுக்கு அவர் பாதுகாப்பும் கிறிஸ்தவ போதனையும் தரவேண்டும். முதல் பாதி நடந்தது. இரண்டாவது பாதி பெரும்பாலும் ஏட்டோடு நின்றது. பெற்றவர் அந்த ஊரில் வாழ்வதுகூட இல்லை. ஸ்பானிய நகரத்தில் பெரிய வீடு கட்டி உறவினர், விருந்தாளி, அடியாள் சூழ இருப்பார். வரி வாசலுக்கு வந்து சேரும்.

எஸ்பன்யோலா தீவில் இந்த முறை மக்களை எப்படிக் கொன்று தீர்த்தது என்பதை நேரில் பார்த்த டொமினிக்கன் துறவி மொன்டெசினோஸ் 1511 டிசம்பரில் சாந்தோ டொமிங்கோ தேவாலயத்தில் எழுந்து, “இவர்கள் மனிதர்கள் இல்லையா?” என்று பண்ணையார்களின் முகத்துக்கு நேரே கேட்டார். சபையில் கோபம் பொங்கியது, மன்னருக்குப் புகார் போனது. 1512 டிசம்பரில் பூர்கோஸ் சட்டங்கள் வந்தன: கருவுற்ற பெண்ணைச் சுரங்கத்துக்கு அனுப்பாதே, அடிக்காதே, நாய் என்று அழைக்காதே. அதே சட்டம் என்கோமியெண்டாவை அப்படியே வைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு ரெகெரிமியென்டோ என்ற அறிக்கையைத் தயாரித்தார்கள். தாக்கும் முன் அதைப் பூர்வகுடிகள் முன் ஸ்பானிய மொழியில் வாசிக்கவேண்டும்: உலகம் படைக்கப்பட்டது, போப் இருக்கிறார், அவர் இந்த நிலத்தை மன்னருக்குக் கொடுத்தார், ஏற்காவிட்டால் போர், அதில் வரும் சாவுக்கு நீங்களே பொறுப்பு. ஆளில்லாத குடிசைகள் முன்பும் வாசித்திருக்கிறார்கள். அந்தப் போப் அலெக்சாந்தர் 1493இல் கோடு போட்டுக் கொடுத்ததும், மறு ஆண்டு டொர்டெசியாஸ் உடன்படிக்கையில் கோட்டின் கிழக்குப் பக்கம் போர்த்துகலுக்குப் போனதும்தான் நம் முத்துக்குளித்துறைக்கு ஸ்பானியருக்குப் பதில் போர்த்துகீசியர் வரக் காரணம்.

இந்தச் சட்டங்களை வெறும் பாசாங்கு என்று தள்ளுகிறவர்கள் உண்டு, கருணை என்று புகழ்கிறவர்களும் உண்டு. இரண்டிலும் ஒன்று விடுபடுகிறது: மன்னரின் அச்சம். காஸ்டில் நாட்டுப் பிரபுக்களை அடக்க முந்திய தலைமுறை அரசி இசபெல்லும் மன்னர் பெர்னாந்தோவும் பட்ட பாடு பழைய கதை ஆகவில்லை. கடலுக்கு அப்பால், ஆயிரக்கணக்கான குடிகளைப் பரம்பரையாகக் கட்டி ஆளும் புதிய பிரபுக் கூட்டம் ஒன்று முளைத்தால் அங்கே மன்னரின் பேச்சு எடுபடாது. ஆகவே துறவிகளின் மனச்சாட்சியும் அரண்மனையின் சுயநலமும் ஒரே திசையில் ஓடின. பூர்வகுடிகளுக்காக வாதாடிய துறவி லாஸ் கசாஸ் போன்றவர்களின் குரல் மன்னரின் காதுவரை போனதற்கு அவர் வாதத்திறமை ஒரு காரணம். அவர் சொன்னது மன்னருக்கு வசதியாகவும் இருந்தது என்பது இன்னொரு காரணம். ஆப்பிரிக்காவிலிருந்து கட்டி இழுத்து வரப்பட்ட அடிமைகளுக்காக இப்படி எந்தச் சட்டமும் எழவில்லை. அவர்களை இறக்குமதி செய்யலாம் என்று தொடக்கத்தில் யோசனை சொன்னவர்களில் லாஸ் கசாஸும் ஒருவர், பின்னாளில் அதற்காக அவர் வருந்தி எழுதினார்.

கோர்ட்டெஸின் சிறகை நறுக்கிய விதத்தைப் பார்த்தால் மன்னரின் உத்தி புரியும். 1522 அக்டோபரில் அவரை நியூ ஸ்பெயினின் (மெக்சிகோவுக்கு ஸ்பானியர் வைத்த பெயர்) ஆளுநர் என்று அறிவித்தார்கள். கையோடு நான்கு கருவூல அதிகாரிகளையும் நியமித்தார்கள். வேலை கணக்கு, உண்மையான வேலை கண்காணிப்பு. 1523இல் என்கோமியெண்டா கொடுக்காதே என்று மன்னர் எழுதினார். கொடுக்காவிட்டால் ஆட்கள் நாட்டைவிட்டே போய்விடுவார்கள் என்று பதில் எழுதிவிட்டுக் கோர்ட்டெஸ் கொடுத்துக்கொண்டே இருந்தார். 1524இல் அவர் ஒண்டூராஸ் காட்டுக்குள் போனதும் கருவூல அதிகாரிகள் இருவர் அவர் இறந்துவிட்டதாக அறிவித்து அவர் சொத்தைப் பறித்துக்கொண்டார்கள். 1526இல் அவரை விசாரிக்க வந்த நீதிபதி போன்ஸெ தெ லியோன் சில வாரங்களில் காய்ச்சலில் இறக்க, விஷம் வைத்தது கோர்ட்டெஸ் என்று ஊர் பேசியது. 1528இல் அவரே ஸ்பெயினுக்குப் போய் நின்றார். மன்னர் கட்டித் தழுவாத குறை: வாஹாகா பள்ளத்தாக்கின் மார்க்விஸ் என்ற பட்டம், 23,000 குடிகள், பெரும் நிலம். ஆளுநர் பதவி மட்டும் இல்லை. இனிமேல் அவர் பணக்காரர், ஆட்சியாளர் இல்லை. 1547இல் செவில் அருகே வழக்குகளுக்கு நடுவிலேயே இறந்தார்.

அவர் இடத்துக்கு ஒரு தனி மனிதரை அனுப்பாமல் ஒரு நீதிமன்றத்தை அனுப்பினார்கள். அவுதியென்சியா என்பது நம் உயர்நீதிமன்றம் மாதிரி என்றாலும் அதைவிடப் பெரியது. வழக்கு கேட்கும், ஆலோசனை சொல்லும், ஆளுநர் இல்லாதபோது ஆளும். அதில் இருந்தவர்கள் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர்கள், வாள் பிடித்துப் பேர் வாங்கியவர்கள் கிடையாது. 1524இல் முழு வடிவம் பெற்ற இண்டீஸ் (ஸ்பானியர் பிடித்த அமெரிக்க நாடுகள்) பேரவை அரசவையிலிருந்து சட்டம் எழுதும், மேல்முறையீடு கேட்கும். 1503 முதல் செவிலில் இருந்த வணிக இல்லம் ஒவ்வொரு கப்பலையும் பயணியையும் பதிவு செய்யும். ஆட்சி முழுவதும் காகிதத்தில் ஓடியது.

முதல் அவுதியென்சியா படு மோசம். அதன் தலைவர் நூன்யோ தெ குஸ்மான் கோர்ட்டெஸைவிடக் கொடியவர். ஆட்களை அடிமையாக்கி விற்றார், ஊர்களைப் பிழிந்தார். ஆனால் அதே அமைப்பின் பலமும் இந்த இடத்தில்தான் தெரிந்தது. கோர்ட்டெஸுக்கு ஒப்படைக்கப்பட்டிருந்த வெஹோட்சிங்கோ ஊர் மக்கள், அவர் இல்லாத காலத்தில் குஸ்மானின் அவுதியென்சியா தங்களிடம் அநியாய வரி பறித்ததாக 1531இல் அவரோடு சேர்ந்து வழக்குப் போட்டார்கள். சாட்சியாக அவர்கள் கொண்டுவந்தது மரப்பட்டையில் செய்த அமாட்டே தாள் உட்பட எட்டுத் தாள்களில் வரைந்த படங்கள்: கொடுத்த சோளம், வான்கோழி, செங்கல், துணி, போருக்கு அனுப்பிய ஆட்கள் எல்லாம் மெக்சிகோ முறை எண் குறியீடுகளோடு. நடுவே குழந்தை இயேசுவை ஏந்திய மரியாளின் படமும் உண்டு. குஸ்மான் தன் படையெடுப்புக்குக் கொடியாக எடுத்துப்போன படத்துக்கும் இவர்களிடமே கூலி வாங்காமல் செலவு வைத்திருந்தார். வழக்கு ஸ்பெயின்வரை போய், 1538இல் பறித்ததில் மூன்றில் இரண்டு பங்கைத் திருப்பிக் கொடுக்கத் தீர்ப்பானது. குஸ்மான் அதற்கு முந்திய ஆண்டே கைதாகியிருந்தார். வழக்கில் கோர்ட்டெஸின் சொந்த லாபமும் இருந்தது என்பதை மறக்கவேண்டாம். பூர்வகுடிகள் ஸ்பானிய நீதிமன்றத்தை இவ்வளவு விரைவில் கற்றுக்கொண்டதுதான் எனக்கு ஆச்சரியம். நகரம் விழுந்து பத்தே ஆண்டுகள்!

1535இல் பெரும் பிரபுக் குடும்பத்துப் பிள்ளையான அன்டோனியோ தெ மெண்டோசா மெக்சிகோவின் முதல் வைஸ்ராயாக வந்தார். வைஸ்ராய் மன்னரின் நிழல். ஆனால் நீதிமன்றமும் கருவூலமும் அவருக்கு முழுதாகக் கட்டுப்பட்டவை இல்லை. பிஷப்புகளை நியமிப்பதும் போப் கொடுத்த உரிமையால் மன்னர்தான். எல்லாரும் எல்லாரைப் பற்றியும் மேலே எழுதிப் போடலாம், போட்டார்கள். பதவி முடிந்ததும் ரெசிதென்சியா என்ற விசாரணை: ஊரில் பறை சாற்றி, இந்த அதிகாரி மீது யாருக்குக் குறை இருந்தாலும் வந்து சொல்லுங்கள் என்று அழைப்பார்கள். பூர்வகுடிகளும் சொல்லலாம். இதில் லஞ்சமும் பழிவாங்கலும் நிறைய நடந்தன. ஆனாலும் யாரும் தனி ராஜ்யம் அமைக்க முடியாதபடி ஒருவரையொருவர் கடிக்க வைத்திருந்த முறை இது, அந்த வேலையை நன்றாகவே செய்தது.

உண்மையான சோதனை பெருவில் வந்தது. 1542 நவம்பரில் மன்னர் ஐந்தாம் சார்லஸ் புதிய சட்டங்களை வெளியிட்டார். பூர்வகுடிகளை இனி அடிமையாக்கக் கூடாது. அதிகாரிகளும் மடங்களும் வைத்திருக்கும் என்கோமியெண்டா உடனே மன்னருக்கு. மற்றவர்களுடையது அவர்கள் சாவோடு மன்னருக்கு; மகனுக்குப் போகாது. பெருவுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று: பிசாரோ, அல்மாக்ரோ சண்டையில் கலந்துகொண்டவர்கள் இழப்பார்கள். அந்தச் சண்டையில் கலக்காதவர் பெருவில் யார்?

மெக்சிகோவில் சட்டத்தைக் கொண்டுவந்த தெயோ தெ சாந்தோவால் நிலைமையைப் பார்த்துவிட்டு மெண்டோசாவோடு பேசி அமலை நிறுத்தி வைத்தார். மன்னரின் கடிதத்தைத் தலையில் வைத்து வணங்கி, “பணிகிறேன், ஆனால் நிறைவேற்றவில்லை” என்று சொல்லித் திருப்பி எழுதும் வழக்கம் அங்கே சட்டத்துக்கு உட்பட்டதே. தூரத்து ராஜா ஆள்வதற்கு இதைவிட நல்ல எண்ணெய் கிடையாது. பெருவுக்கு வந்த முதல் வைஸ்ராய் பிளாஸ்கோ நூன்யெஸ் வேலாவுக்கு இந்த எண்ணெய் பிடிக்காது. 1544இல் லிமா வந்தவர் எழுத்துக்கு எழுத்து அமல் செய்யக் கிளம்பினார். பிசாரோவின் தம்பி கொன்சாலோ பிசாரோவைப் பண்ணையார்கள் தலைவராக்கினார்கள். அவுதியென்சியா நீதிபதிகளே வைஸ்ராயைக் கைது செய்து கப்பலேற்றினார்கள். அவர் தப்பி வடக்கே படை திரட்ட, 1546 ஜனவரி 18 அன்று கீட்டோ அருகே இன்யாகீட்டோ போரில் கொல்லப்பட்டார், தலை வெட்டப்பட்டது. இன்கா இளவரசி ஒருத்தியை மணந்து முடிசூடிக்கொள் என்று கொன்சாலோவின் கிழத் தளபதி கர்வஹால் அவருக்கு யோசனை சொன்னதாக வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். சொந்த நாட்டுக்காரர்களே பெருவைத் தனி ராஜ்யமாக்க ஒரு அடிதான் பாக்கி.

மன்னர் அனுப்பியது படையை இல்லை, பெட்ரோ தெ லா கஸ்கா என்ற ஒரு குருவை. கூட ஆள் பலம் இல்லை. சட்டைப்பையில் மன்னர் கையெழுத்திட்ட வெற்றுத் தாள்கள் இருந்தன. எதை வேண்டுமானாலும் எழுதி நிரப்பிக்கொள்ளலாம். மன்னிப்பு, பதவி, என்கோமியெண்டா, எதுவும். பரம்பரை உரிமையை ஒழித்த அந்த ஒரு பிரிவை மன்னர் 1545லேயே ரத்து செய்துவிட்டார் என்ற செய்தியும் கையில் இருந்தது. பனாமாவில் காவலிருந்த கொன்சாலோவின் கப்பற்படைத் தலைவர் இனோஹோசா முதலில் சாய்ந்தார். கடல் போனது. 1548 ஏப்ரல் 9 அன்று குஸ்கோ அருகே ஹகிஹவானாவில் இரு படையும் எதிரெதிரே நின்றபோது கொன்சாலோவின் ஆட்கள் ஒவ்வொருவராக, பிறகு கூட்டம் கூட்டமாக, மறுபக்கம் நடந்து போனார்கள். போர் என்று சொல்லும் அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. மறுநாள் கொன்சாலோவின் தலை போனது, ஏறத்தாழ 80 வயதான கர்வஹாலும் தூக்கிலேறினார்.

வென்றதும் லா கஸ்கா செய்தது மறுபடியும் பங்கு பிரிப்பு. வைனரிமா என்ற இடத்தில் உட்கார்ந்து பட்டியல் போட்டார். எத்தனை பேருக்குக் கொடுத்தாலும் கிடைக்காதவர் கூட்டம் பெரிது என்று அவருக்குத் தெரியும். பட்டியலைக் குஸ்கோவில் வாசிக்கப் பிஷப் லொவாய்சாவை அனுப்பிவிட்டு இவர் லிமாவுக்குக் கிளம்பிவிட்டார். கெட்டிக்காரர்.

வெளியிலிருந்து பார்த்தால் பண்ணையார்கள் வென்றதுபோல் தோன்றும். சட்டம் திரும்பப் பெறப்பட்டது, என்கோமியெண்டா மகனுக்கும் போகிறது. ஆனால் யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு வரி வாங்கலாம் என்று முடிவு செய்வது இப்போது மன்னரின் அதிகாரி. 1549 முதல் குடிகளின் நேரடி உழைப்பைப் பண்ணையார் வாங்கக் கூடாது, வரி மட்டும். அந்த வரியையும் அவுதியென்சியா மதிப்பிடும். ஊர்களில் கொரெஹிதோர் என்ற சம்பள அதிகாரிகள் வந்து உட்கார்ந்தார்கள். பெருவின் பண்ணையார்கள் நிரந்தர உரிமைக்கு அடுத்த மன்னர் இரண்டாம் பிலிப்புக்குப் பெரும் பணம் தருவதாகச் சொன்னபோது, 1560இல் ஆண்டீஸ் ஊர்த்தலைவர்கள் சார்பில் லாஸ் கசாஸும் டொமிங்கோ தெ சாந்தோ தொமாஸும் ஓர் எதிர் ஏலம் வைத்தார்கள்: அவர்கள் எவ்வளவு தருகிறார்களோ அதைவிட 1,00,000 துக்காட் (தங்க நாணயம்) கூடுதலாகத் தருகிறோம், எங்களை அவர்களுக்கு விற்காதீர்கள். கடன் கழுத்தை நெரித்த பிலிப் இரண்டையும் மனசுக்குள் எடை போட்டபடியே இழுத்தடித்தார். நிரந்தர உரிமை கடைசிவரை கிடைக்கவில்லை. மெக்சிகோவில் கோர்ட்டெஸின் மகன் மார்ட்டினைச் சுற்றி இதே ஏக்கத்தில் ஒரு சதி கிளம்பியது. 1566இல் ஆவிலா சகோதரர்கள் இருவர் தலை வெட்டப்பட்டதோடு அதுவும் அடங்கியது.

மன்னர் வென்றதால் பூர்வகுடிகளுக்கு விடிந்ததா? இல்லை. அரசு கை ஓங்கியதும் வந்தவர் 1569இல் பெருவின் வைஸ்ராயான பிரான்சிஸ்கோ தெ டொலேடோ. மலைச்சரிவுகளில் சிதறிக் கிடந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சதுரம் சதுரமாகக் கோடு போட்ட புதிய ஊர்களுக்கு இடம் மாற்றினார். எண்ணுவதற்கும் வரி வாங்குவதற்கும் ஞாயிறு பூசைக்கு வரவழைப்பதற்கும் அதுதான் வசதி. 1572இல் வில்கபாம்பா காட்டில் எஞ்சியிருந்த இன்கா அரசைப் பிடித்து, தூபாக் அமாருவைக் குஸ்கோ சதுக்கத்தில் தலை வெட்டினார். 1545இல் கண்டெடுத்த பொதோசி வெள்ளி மலைக்கு ஆள் வேண்டும் என்று இன்காக்களின் பழைய முறைவேலையான மித்தாவை எடுத்து மாற்றி அமைத்தார்: 16 மாகாணங்களின் வயது வந்த ஆண்களில் ஏழில் ஒருவர், ஆண்டுக்கு ஏறத்தாழ 13,500 பேர், 4,000 மீட்டர் உயரத்துக்குக் குடும்பத்தோடும் இலாமாக்களோடும் நடந்து வரவேண்டும். வான்கவெலிகா சுரங்கத்தின் பாதரசத்தை வைத்து வெள்ளியைப் பிரித்தார்கள். அந்தச் சுரங்கத்துக்கும் இதே மித்தாதான், அங்கே நுரையீரலோடு நரம்பும் போனது. பேராசை பிடித்த தனிப் பண்ணையார் ஒருவரால் இவ்வளவு பேரை இவ்வளவு ஒழுங்காக இத்தனை தலைமுறைக்குக் கூட்டி வந்திருக்க முடியாது. அதற்கு ஓர் அரசாங்கம் தேவைப்பட்டது.

ஆனால் அதே அரசாங்கத்தில் ஊர்களை நடத்தியது பூர்வகுடிகளின் சொந்த நகரசபைகள்தான். மெக்சிகோவில் தங்கள் நாவாட்டில் மொழியிலேயே தீர்மானம், உயில், மனு எழுதினார்கள். 1560இல் வெஹோட்சிங்கோ சபை இரண்டாம் பிலிப்புக்கு நாவாட்டிலில் எழுதிய கடிதம் இருக்கிறது: நாங்கள் சண்டையிடாமல் உங்களை ஏற்றோம், சோறு போட்டோம், போருக்கு வந்தோம், இப்போது தாங்க முடியாத வரி போடுகிறீர்களே. திலாஸ்காலாவோ யாருக்கும் என்கோமியெண்டாவாகக் கொடுபடாமல் தப்பித்துக்கொண்டது, அந்தச் சலுகையை மூன்று நூற்றாண்டும் விடாமல் நினைவூட்டியது. 1591இல் 400 திலாஸ்காலா குடும்பங்கள் வடக்கு எல்லையில் குடியேறப் போனபோதும் வரிவிலக்கு, குதிரையேறும் உரிமை என்று நிபந்தனைகளை எழுதி வாங்கிக்கொண்டே கிளம்பின. மனுக்கள் குவிந்ததால் 1592இல் மெக்சிகோவில் பூர்வகுடிகளுக்கென்றே ஒரு தனி நீதிமன்றம் வைக்கவேண்டி வந்தது. அதன் செலவுக்கு அவர்களிடமே ஒரு சிறு வரி.

கடைசியாக ஒன்று. 1521, 1532 என்ற இரண்டு தேதிகளோடு பிடிப்பு முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். யுகாத்தானைப் பிடிக்க மொன்டெஹோ குடும்பத்துக்கு 1527 முதல் 1546 வரை மூன்று படையெடுப்புகள் ஆயின. பெத்தேன் ஏரித்தீவில் இருந்த மாயா இனத்து இட்சா அரசு 1697வரை நின்றது. தெற்கே சிலியில் மாபுச்சே மக்கள் 1553இல் ஆளுநர் வால்டிவியாவைக் கொன்றார்கள், 1598க்குப் பிறகு பியோபியோ ஆற்றுக்குத் தெற்கே இருந்த ஸ்பானிய நகரங்களைத் துடைத்தெறிந்தார்கள், 1641இல் கிலின் பேச்சுவார்த்தையில் அந்த ஆற்றையே எல்லையாக ஒப்புக்கொள்ள வைத்தார்கள். என்கோமியெண்டாவை மன்னர்கள் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொதுவாக ஒழித்தார்கள். அதே சிலியில் அது 1791வரை இழுத்துக்கொண்டு கிடந்தது.